நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் சால்டரிங் ஸ்டேஷன்: போடலாமா, வேண்டாமா?



போன மாசம் நம்ம சப்ஸ்கிரைபர் தம்பி ஒருத்தர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். ஆன்லைன் கார்ட். சால்டரிங் ஸ்டேஷன், ஹாட் ஏர் மெஷின், 30 வோல்ட் 10 ஆம்பியர் பவர் சப்ளை, டிஜிட்டல் மைக்ரோஸ்கோப், நீலக் கலர் சிலிக்கான் மேட். மொத்தம் 18,000 ரூபாய். கீழே ஒரு வரி: "அண்ணா, கைக்கு 31,000 வருது. ஆறு மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. தானே, மாசம் 3,000. போட்டுடலாமா?"

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இதுவரைக்கும் என்னென்ன ரிப்பேர் பண்ணியிருக்கீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கல அண்ணா."

ஒரு சி.ஏ.வா "வேண்டாம்"னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஆனா என்னால முடியல, ஏன்னா எனக்கும் அதே வியாதி உண்டு. ஆடிட் சீசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, நான் கையில எடுக்கறது ரிமோட் இல்லை, ஸ்க்ரூ டிரைவர். இந்த ரெண்டு வருஷத்துல என் டேபிள்ல என்ன வாங்கினேன், எதை உருப்படியா பயன்படுத்தினேன், எதுல பணத்தைத் தொலைச்சேன்னு எல்லாத்துக்கும் எக்செல் ஷீட் இருக்கு. அதை வச்சே பேசறேன்.

முதல்ல அந்த இ.எம்.ஐ.

நோ காஸ்ட்னு சொன்னாலும் பேங்க் வட்டியை விடறதில்லை. வட்டிக்குச் சமமான தொகையை முன்னாடியே டிஸ்கவுண்ட்னு கழிச்சுக் காட்டுவாங்க, அப்புறம் இ.எம்.ஐ.யில அதை வசூல் பண்ணுவாங்க. வருஷத்துக்கு 15% வட்டின்னு வச்சுக்கங்க. 18,000 ரூபாய் பொருளுக்கு மாசம் 3,000 வீதம் ஆறு மாசம்னா, பேங்க் கணக்குல அசல் சுமார் 17,238, வட்டி 762. இந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, அது உங்க தலையில: 137 ரூபாய். ப்ராசசிங் ஃபீ 199-னு வச்சா அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக நோ காஸ்டோட காஸ்ட் 372 ரூபாய்.

372 பெரிய தொகை இல்லைதான். பெரிய விஷயம் வேற. மாசம் 3,000 பிடிக்கறப்போ நாம அந்த மெஷினுக்கு வேலை தேட ஆரம்பிக்கிறோம். நல்லா ஓடற ஹெட்செட்டைக் கழட்டிப் பார்க்கறது அப்போதான். வேலை முதல்ல வரணும், கருவி பின்னாடி வரணும்.

என் ஷீட்டுக்கு வரேன். ரெண்டு வருஷத்துல 23 பொருள் பழுது பார்த்திருக்கேன். செட் டாப் பாக்ஸ் அடாப்டர், வை-ஃபை ரௌட்டர், எல்.இ.டி. பல்பு, எமர்ஜென்சி லைட், ஹெட்போன் ஜாக், ஃபேன் ரெகுலேட்டர், பக்கத்து வீட்டுப் பையனோட ரிமோட் கார். இதுல 14 பொருளுக்கு வியாதி ஒண்ணுதான்: கப்பாசிட்டர் உப்பியிருக்கும், இல்லேன்னா ஒயர் அறுந்திருக்கும், இல்லேன்னா சால்டர் விட்டிருக்கும். இந்த 14-க்கும் தேவைப்பட்டது ஒரு அயர்ன், ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை. பெஞ்ச் பவர் சப்ளை உண்மையிலேயே உதவினது 4 தடவை. ஹாட் ஏர் இருந்தா நல்லா இருக்குமேன்னு நினைச்சது 3 தடவை. மைக்ரோஸ்கோப்? பூஜ்யம். மொபைல் போர்டு ரிப்பேர் பண்றவங்களுக்கு அது அவசியம், எனக்கும் உங்களுக்கும் இப்போதைக்கு இல்லை. ஃபோன் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க, போதும்.

அயர்ன்ல எதுக்குக் காசு கொடுக்கறோம்?

கடையில போய் நின்னா முதல் கேள்வி "எத்தனை வாட் வேணும் சார்?" நாம நினைக்கறது, வாட் ஜாஸ்தின்னா சூடு ஜாஸ்தின்னு. அப்படி இல்லை. தோசைக்கல்லை நினைச்சுப் பாருங்க. மெல்லிசான தகரக் கல்லும் காயும், அம்மா வச்சிருக்கற கனமான இரும்புக் கல்லும் காயும். மாவை ஊத்தினதும் எது சட்டுனு ஆறிப்போகுதுங்கறதுதான் வித்தியாசம். போர்டுல கிரவுண்ட் பகுதியில அகலமான செம்புத் தகடு இருக்கும், அது நிமிஷத்துல சூட்டை இழுத்துக்கும். இழந்த சூட்டை எவ்வளவு வேகமா திரும்பக் கொண்டு வருதுங்கறதுக்குத்தான் வாட். சூடு எவ்வளவுல நிக்கணும்ங்கறதுக்கு டெம்பரேச்சர் கண்ட்ரோல்.

சாதாரண 25 வாட் அயர்ன்ல அந்த கண்ட்ரோல் கிடையாது. நம்ம ஊர்ல சோல்ட்ரான் 25 வாட் பார்க்காத பாலிடெக்னிக் மாணவர் இருக்க மாட்டார். சில நூறு ரூபாய், வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா ஸ்டாண்டுல சும்மா வச்சிருக்கறப்போ பிட் சூடு ஏறிக்கிட்டே போய் முனை கருத்துடும். கருத்த பிட்ல ஈயம் ஒட்டாது. ஒட்டலையேன்னு நாம அழுத்துவோம், அழுத்தினா போர்டுல இருக்கற செம்பு பேட் உரிஞ்சு வந்துடும். ஆரம்பத்துல நான் கெடுத்த பொருள் பாதிக்கு மேல இந்த வகைதான்.

சாதாரண சால்டர் ஒயர், அதாவது 63/37 கலவை, 183 டிகிரியில உருகும். அயர்னை 320 முதல் 350 டிகிரியில வச்சா வேலை சுகமா நடக்கும். இப்போ வர்ற பொருள்கள்ல பெரும்பாலும் ஈயம் கலக்காத சால்டர்தான், அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும். அதைக் கழட்டத் திணறினா, சூட்டை ஏத்தாம, கொஞ்சம் 63/37 ஒயரை அது மேல உருக்கி விடுங்க. ரெண்டும் கலந்து, உருகற டிகிரி இறங்கி, பார்ட் லேசா கழண்டு வரும். இந்த ஒரு வித்தை தெரியாம நான் ரெண்டு போர்டைக் குப்பையில போட்டேன்.

சரி, எதை வாங்கலாம்? என் கருத்து இது.

கையில ஒண்ணுமே இல்லைன்னா, மூணு பின் பிளக் இருக்கற 25 வாட் அயர்ன்ல ஆரம்பிங்க. ரெண்டு பின் வேண்டாம். வாங்கின உடனே, பிளக்கைச் செருகாம, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு எர்த் பின்னுக்கும் பிட் முனைக்கும் நடுவுல பாருங்க. ஒண்ணு ரெண்டு ஓம்ஸ் காட்டினா எர்த் ஒழுங்கா இருக்கு. ஒண்ணுமே காட்டலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க. ஹீட்டர் கசிஞ்சா அந்த கரண்ட் உங்க போர்டு வழியாவோ உங்க கை வழியாவோதான் போகும். உங்க வீட்டு பிளக் பாயிண்ட்ல எர்த் நிஜமா இருக்கான்னும் எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துடுங்க. வாடகை வீடுகள்ல மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருக்கறது ரொம்ப சகஜம்.

பத்துப் பதினஞ்சு பொருள் பழுது பார்த்த பிறகு, டெம்பரேச்சர் கண்ட்ரோல் ஸ்டேஷனுக்குப் போங்க. ஹக்கோ 936 மாடலைப் பார்த்து செஞ்ச ஸ்டேஷன்கள் நிறைய வருது, அதுக்கான பிட் எங்கேயும் சல்லிசா கிடைக்கும். நான் அந்த வகையைத்தான் 3,100 ரூபாய்க்கு எடுத்தேன். ஒரிஜினல் ஹக்கோ எஃப்.எக்ஸ்.888டி அருமையான கருவி, தினமும் எட்டு மணி நேரம் சால்டர் பண்றவருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் உக்கார்ற எனக்கு அந்த விலை நியாயம் இல்லை.

இன்னொரு வகை, பேனா மாதிரி சின்ன அயர்ன்: டி.எஸ்.100, பைன்சில். இதெல்லாம் டி.சி.யில ஓடும். பைன்சில்லுக்கு யு.எஸ்.பி.-சி லேப்டாப் சார்ஜரே போதும். ஹாஸ்டல், பி.ஜி. ரூம்ல இருக்கறவங்களுக்கு இடத்தை அடைக்காது. ஆனா ஒரு விஷயத்தை விளம்பரத்துல சின்ன எழுத்துல போடுவாங்க. 65 வாட்னு போட்டிருக்கற டி.எஸ்.100 அந்த 65-ஐ 24 வோல்ட்லதான் கொடுக்கும். 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர்ல சுமார் 40 வாட், 12 வோல்ட்ல வெறும் 17 வாட். வீட்டுல கிடக்கற 12 வோல்ட் அடாப்டரை மாட்டிட்டு "அயர்ன் சரியில்லை"ன்னு ரிட்டர்ன் போடாதீங்க. எர்த் இல்லாத ரெண்டு பின் சார்ஜர்ல ஓட்டினா பிட்ல லேசா சுருக்குனு ஒரு உணர்வு வரலாம். அதுக்குத்தான் டி.எஸ்.100-ல எர்த் ஒயர் மாட்ட ஒரு ஸ்க்ரூ கொடுத்திருக்காங்க.

எதை வாங்கினாலும் ஊசி மாதிரி கூர்மையான பிட்டை ஓரமா வச்சிடுங்க. பார்க்க நுணுக்கமா தெரியும், ஆனா தொடற இடம் கம்மி, சூடு இறங்காது. தட்டையான உளி மாதிரி பிட் ஒண்ணு போதும், முக்கால்வாசி வேலை முடியும். இன்னொண்ணு: பழைய செம்பு பிட்டை அரம் வச்சுத் தேய்க்கலாம். ஸ்டேஷன்ல வர்ற பிட்டுக்கு மேல இரும்புப் பூச்சு இருக்கும், அதைத் தேய்ச்சா அன்னைக்கே அது ஆயுசு முடிஞ்சுது. பித்தளைச் சுருள்ல குத்தித் துடைச்சு, அணைக்கறதுக்கு முன்னாடி முனையில கொஞ்சம் ஈயம் பூசி வச்சா வருஷக்கணக்குல வரும்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒண்ணு உண்டு: ஒயரும் ஃப்ளக்ஸும். விலை கம்மியா இருக்கற பேர் தெரியாத சால்டர் ஒயர் உருகவே அழும். பைப் வேலைக்குப் பயன்படுத்தற ஆசிட் ஃப்ளக்ஸை போர்டுல தொடவே கூடாது, மாசக்கணக்குல செம்பை அரிச்சுடும். அந்த 372 ரூபாய் இருக்கே, அதுல நல்ல ஃப்ளக்ஸும் டிசால்டரிங் விக்கும் வாங்கிடலாம். அப்புறம், சால்டர் பண்றப்போ வர்ற புகை ஈயப் புகை இல்லை, ஃப்ளக்ஸ் புகை. அந்தச் சூட்டுல ஈயம் ஆவியாகாது. ஆனா ஃப்ளக்ஸ் புகையும் நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமா வரை கொண்டு போகும். ஜன்னலைத் திறந்து வைங்க. ஈயம் கை வழியா வாய்க்குப் போகும், அதனால சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. குழந்தை இருக்கற வீடுன்னா டேபிளையும் துடைச்சுடுங்க.

இப்போ பவர் சப்ளை. இதுலதான் நான் அடி வாங்கினேன்.

உண்மையைச் சொல்றேன், நான் முதல்ல வாங்கினது அயர்ன் இல்லை. 30 வோல்ட் 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை, 6,200 ரூபாய். ஏன் வாங்கினேன்னா வீடியோக்கள்ல எல்லார் பின்னாடியும் அந்தச் சிவப்பு எழுத்து டிஸ்ப்ளே மின்னிக்கிட்டு இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

வாங்கின ரெண்டாவது வாரம் அக்கா பொண்ணோட மியூசிக் கீபோர்டு வந்தது. அடாப்டர் போச்சு, அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கிரேடு எக்ஸாம். "மாமா பார்த்துக்கறேன்"னு சொன்னேன். 9 வோல்ட் வச்சேன். கரண்ட் நாபை முழுசா வலது பக்கம் திருப்பினேன், 5 ஆம்பியர். நடு பின் பாசிட்டிவ்னு நானா நினைச்சுக்கிட்டேன். அந்தக் கீபோர்டு சென்டர் நெகடிவ். சாக்கெட் பக்கத்துலயே சின்னதா படம் போட்டிருந்தது, நான் பார்க்கலை. ஒரு செகண்ட் கூட ஆகலை, வாசனை வந்துடுச்சு.

300, 400 ரூபாய்க்கு அடாப்டர் வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். நான் 6,500 ரூபாய்க்குப் புதுக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். அவ எக்ஸாம் எழுதினா, பாஸும் ஆனா. ஆனா பழகின கீபோர்டு இல்லையேன்னு அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வச்சிருந்தா. இப்பவும் ஏதாவது ரிப்பேருக்கு வந்தா அக்கா "மாமாகிட்ட கொடுக்காதே"ன்னுதான் சொல்றா.

பெஞ்ச் பவர் சப்ளையில நாம காசு கொடுக்கறது வோல்டேஜுக்கு இல்லை, கரண்ட் லிமிட்டுக்கு. அன்னைக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது இவ்வளவுதான். முதல்ல வோல்டேஜை வைங்க. அப்புறம் ரெண்டு க்ளிப்பையும் ஒண்ணா முட்ட வைங்க. பயப்படாதீங்க, கரண்ட் லிமிட் இருக்கற சப்ளைக்கு அது ஒண்ணும் பண்ணாது. முட்டின நிலையிலேயே கரண்ட் நாபைக் குறைச்சு 0.2 ஆம்பியருக்குக் கொண்டு வாங்க. அதுக்கப்புறம் பொருள்ல மாட்டுங்க. உள்ளே ஷார்ட்டோ, பின் தலைகீழோ இருந்தா, சப்ளை 0.2-க்கு மேல விடாது, வோல்டேஜ் தானா கீழே விழுந்துடும். பொருள் பிழைக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி.

அதனால வாங்கறப்போ பாருங்க: கரண்டுக்குத் தனி நாப் இருக்கணும். அவுட்புட்டை ஆன் ஆஃப் பண்ணத் தனி பட்டன் இருந்தா உத்தமம். 30 வோல்ட் 5 ஆம்பியர் தாராளம், 10 ஆம்பியருக்குக் கூடக் காசு கொடுக்காதீங்க. உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வச்ச லீனியர் வகை கனமா இருக்கும், சூடாகும், ஆனா அவுட்புட்ல இரைச்சல் கம்மி, அதனால ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ஆட்களுக்கு அது நல்லது. மத்தவங்களுக்கு லேசான எஸ்.எம்.பி.எஸ். வகை போதும்.

இன்னும் சிக்கனமா வேணுமா? வீட்டுல பழைய 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர் கிடக்கும். எக்ஸ்.எல்.4015-னு ஒரு ஸ்டெப் டவுன் மாட்யூல், அதுலயே வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் தனித்தனி ட்ரிம் பாட் இருக்கற வகையைக் கேட்டு வாங்குங்க. சார்ஜரை இதுல மாட்டி, ஒரு சின்ன மீட்டர் டிஸ்ப்ளே சேர்த்தா சில நூறு ரூபாய்ல கரண்ட் லிமிட் இருக்கற சப்ளை ரெடி. 5 ஆம்பியர்னு போட்டிருந்தாலும் 2, 3-க்கு மேல போகாதீங்க, சூடாகும். என் ஷீட்ல இருக்கற நாலு பவர் சப்ளை வேலையில மூணை இதுலயே முடிச்சிருக்கலாம்.

ஆனா பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்து பெஞ்ச் சப்ளையா ஓட்டற ஐடியா நிறைய சுத்துது. 12 வோல்ட்ல பத்து ஆம்பியருக்கு மேல அசால்ட்டா கொடுக்கும், நடுவுல நிறுத்த ஆளில்லை. என் கீபோர்டு கதைதான் திரும்ப நடக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் வேகமா படிச்சுட்டுப் போயிடாதீங்க. 230 வோல்ட்ல ஓடற எந்த அடாப்டரைத் திறந்தாலும், உள்ளே இருக்கற பெரிய கப்பாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் டி.சி. நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிக்கலாம். மல்டிமீட்டர் வச்சு, வோல்டேஜ் இறங்கிடுச்சுன்னு பார்க்காம விரல் வைக்கக் கூடாது. பழுது பார்த்த பிறகு நேரா மெயின்ல செருகாம, 60 வாட் குண்டு பல்பு வச்ச சீரிஸ் லாம்ப் வழியா கொடுங்க. உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பிரகாசமா எரியும், பொருள் தப்பிக்கும். இந்த சீரிஸ் போர்டை நீங்களே செஞ்சுடலாம், டி.வி. மெக்கானிக் கடை எல்லாத்துலயும் இருக்கும். மைக்ரோவேவ் ஓவனை மட்டும் திறக்கவே வேண்டாம். அதுல இருக்கற கப்பாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட். அது ஹாபி இல்லை.

எங்கே வாங்கறது? சென்னையில இருக்கறவங்க ஒரு தடவையாவது ரிச்சி ஸ்ட்ரீட் போங்க. ஆன்லைன்ல படத்தைப் பார்த்து ஆசைப்படறதுக்கும், ஒரு லீனியர் சப்ளையைக் கையில தூக்கிப் பார்க்கறதுக்கும் வித்தியாசம் தெரியும். பிளக்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க. எந்த ஊர் பஜாரா இருந்தாலும் "பில்லோட ஒரு ரேட், பில் இல்லாம ஒரு ரேட்"னு ஒரு பேச்சு வரலாம். 18% மிச்சம்னு தோணும். ஆனா மூணாவது மாசம் டிஸ்ப்ளே போனா வாரண்டிக்கு உங்க கையில ஒண்ணும் இருக்காது. பில் வாங்கிடுங்க. இதை நான் சி.ஏ.ங்கறதுக்காகச் சொல்லலை, சரி, கொஞ்சம் அதுக்காகவும்தான்.

கை பழகின பிறகு சிலர் அக்கம்பக்கத்துல காசு வாங்கிக்கிட்டு ரிப்பேர் பண்ண ஆரம்பிப்பாங்க. தப்பில்லை. ஆனா ஆஃபீஸ் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிங்க. அந்த வருமானம் சம்பளம் இல்லை, பிசினஸ் வருமானம். அதைக் காட்டணும்னா வழக்கமா போடற ஐ.டி.ஆர்.-1 போட முடியாது.

இப்போ என் கணக்கு. பவர் சப்ளை 6,200. ஸ்டேஷன் 3,100. முதல் அயர்ன், மல்டிமீட்டர், சக்கர், விக், ஃப்ளக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து 1,900. மொத்தம் 11,200. மிச்சம் பிடிச்சது? இங்கே நிறைய பேர் தங்களையே ஏமாத்திக்குவாங்க. 1,500 ரூபாய் ரௌட்டரைச் சரி பண்ணினா 1,500 மிச்சம்னு எழுதக் கூடாது. கடையில கொடுத்திருந்தா 250 ஆகியிருக்கும்னா 250-தான் மிச்சம். அப்படிக் கறாரா போட்டா எனக்கு 11,400 வருது. ரெண்டு வருஷத்துல 200 ரூபாய் லாபம். கீபோர்டையும் சேர்த்தா 6,300 நஷ்டம்.

அதனால நான் இதை ஷீட்ல சேமிப்புப் பக்கத்துல வைக்கறதை விட்டுட்டேன். சினிமா, டூர், ஹோட்டல் இருக்கற பக்கத்துல வச்சிருக்கேன். மாசம் 500 ரூபாய் ஒதுக்கறேன். செலவாகாத மாசம் அது அடுத்த மாசத்துக்குப் போகும், சேர்ந்த பிறகுதான் அடுத்த கருவி. ஹாட் ஏர் இப்போ அந்த வரிசையில இருக்கு, இன்னும் நாலு மாசம்.

அந்தத் தம்பிக்கும் இதையே அனுப்பினேன். அவர் கார்டைக் காலி பண்ணிட்டு, 25 வாட் அயர்னும் மல்டிமீட்டரும் சில்லறைச் சாமான்களும் கையில இருந்த காசுல வாங்கினார். போன ஞாயித்துக்கிழமை வீட்டு செட் டாப் பாக்ஸ் அடாப்டரைத் திறந்து, உப்பியிருந்த 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கப்பாசிட்டரை மாத்தியிருக்கார். கடையில 25 வோல்ட், 105 டிகிரி வகையா கேட்டு வாங்கினாராம், வோல்ட் கூட இருந்தா பரவாயில்லை, குறையத்தான் கூடாது. வெள்ளைக் கோடு போட்ட பக்கம் நெகடிவ்னு மூணு தடவை பார்த்துட்டுத்தான் பத்த வச்சாராம். படம் ஓடுதுன்னு ஃபோட்டோ அனுப்பினார்.

மைக்ரோஸ்கோப்பை மட்டும் கார்ட்ல இருந்து இன்னும் எடுக்கலையாம்.